ஒரே 1 கிலோவாட்தான். ஒன்று 6 கிலோ, இன்னொன்று 30 கிலோ

கேள்வி இதுதான்: "என்னிடம் பழைய கார் ஆல்டர்னேட்டர் ஒன்று இருக்கிறது. எடை 6 கிலோ. 14 வோல்ட்டில் 80 ஆம்பியர் தரும், அதாவது 1 கிலோவாட்டுக்குச் சற்று மேல். மொட்டை மாடியில் சிறு காற்றாலை வைக்கலாம் என்று 1 கிலோவாட் ஜெனரேட்டருக்கு விலை கேட்டேன். 30 கிலோ எடையில் ஒன்றைக் காட்டி, அதற்கேற்ற விலையும் சொல்கிறார்கள். திறன் ஒன்றுதானே? எதற்கு ஐந்து மடங்கு இரும்பும் செம்பும்? ஏமாற்றுகிறார்களா?"

இல்லை, ஏமாற்றவில்லை. யாராவது அதையே 8 கிலோவில் தருகிறேன் என்று வந்தால், அப்போது சந்தேகப்படுங்கள்.

இரண்டு இயந்திரங்களின் பெயர்த்தகட்டையும் பாருங்கள். வாட் ஒன்றாக இருந்தாலும் ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, ஒன்றாக இருக்காது. கார் ஆல்டர்னேட்டர் எஞ்சினைவிட இரண்டு, இரண்டரை மடங்கு வேகத்தில் ஓடும்படிதான் பெல்ட்டும் புல்லியும் அமைந்திருக்கும். உங்கள் 80 ஆம்பியர் கிடைப்பது நிமிடத்துக்கு 6,000 சுற்று அளவில். காற்றாலைக்கான ஜெனரேட்டரோ 400 சுற்றில் அதே திறனைத் தந்தாக வேண்டும். எடை வித்தியாசம் முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. ஜெனரேட்டரின் பருமனை வாட் தீர்மானிப்பதில்லை, முறுக்குவிசை தீர்மானிக்கிறது. பட்டறைகளில் டார்க் என்பார்களே, அது.

திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. 1 கிலோவாட்டை 6,000 சுற்றில் எடுத்தால் முறுக்குவிசை 1.6 நியூட்டன்-மீட்டர். ஷாஃப்ட்டில் ஒரு மீட்டர் நீளக் கம்பியைக் கட்டி அதன் நுனியில் ஒரு கொய்யாப் பழத்தைத் தொங்கவிட்டதுபோல, 160 கிராம்தான். அதே 1 கிலோவாட்டை 400 சுற்றில் எடுத்தால் 24 நியூட்டன்-மீட்டர். இப்போது அதே கம்பி நுனியில் இரண்டரைக் கிலோ அரிசிப் பை தொங்குகிறது. (இழப்புகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் இரண்டும் கொஞ்சம் கூடும்.) அந்தப் பையை விடாமல் பிடித்துக்கொண்டு சுற்றுவதுதான் ஜெனரேட்டரின் வேலை. பிடிக்கும் கை எதனால் ஆனது என்பதுதான் அடுத்த கேள்வி.

சுழலும் பகுதியான ரோட்டருக்கும் அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் போன்ற சிறு காற்று இடைவெளி இருக்கும். எதுவும் எதையும் தொடுவதில்லை. சுழல விடாமல் இழுப்பது காந்தப்புலமும் செம்பில் ஓடும் மின்னோட்டமும் மட்டுமே. இந்த இழுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. காந்தப்புலத்தை விருப்பம்போல் ஏற்ற முடியாது. இரும்பு 2 டெஸ்லாவை நெருங்கும்போது திகட்டிவிடும், அதற்கு மேல் எவ்வளவு தூண்டினாலும் வாங்கிக்கொள்ளாது. மின்னோட்டத்தையும் ஏற்ற முடியாது. செம்பு சூடாகி வார்னிஷ் கருகும். இந்த இரண்டு வேலிகளுக்கும் நடுவே, காற்றால் குளிரும் சாதாரண இயந்திரம் ஒன்றில் ரோட்டர் மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் தரக்கூடிய தொடுகோட்டு இழுவிசை 20,000 முதல் 30,000 நியூட்டன் வரைதான். உள்ளங்கையை விரித்து ரோட்டரின் மேல் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த உள்ளங்கைப் பரப்புக்குக் கிடைக்கும் பிடி ஏறக்குறைய 25 கிலோ. மின் இயந்திரங்களின் பிடி நாம் நினைப்பதைவிட மிகவும் பலவீனமானது. அது சாதிப்பதெல்லாம் ஓயாமல் வேகமாகச் சுற்றுவதால்தான்.

பிடி மாறாதது என்றால், அதிக முறுக்குவிசைக்கு இரண்டே வழிகள்: மேற்பரப்பைக் கூட்டுவது, அல்லது பிடியை அச்சிலிருந்து தூரத்துக்குக் கொண்டுபோவது. மேற்பரப்பு என்பது விட்டம் பெருக்கல் நீளம். தூரம் மறுபடியும் விட்டம். ஆக முறுக்குவிசை, விட்டத்தின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி வருவது. அதுவே ரோட்டரின் கனஅளவு. கனஅளவு இரும்பும் செம்பும் என்றால் எடை. பொறியியல் கல்லூரியில் மின் இயந்திர வடிவமைப்புப் பாடத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு 'விட்ட வர்க்கம், நீளம், வேகம்' என்ற சூத்திரம் நினைவிருக்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த பலர் அதில் ஒளிந்திருப்பது எடைக் கணக்கு என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நானும் கவனிக்கவில்லை. ஒரு ரீவைண்டிங் பட்டறையில் இரண்டு ஆல்டர்னேட்டர்களைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

இரண்டுமே 5 கே.வி.ஏ., இரண்டும் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அலை. ஒன்று 1,500 சுற்று, டீசல் எஞ்சினோடு பூட்டுவது. மற்றது 3,000 சுற்று, பெட்ரோல் செட்டில் வருவது. முதலாவதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இரண்டாவதை நான் ஒருவனே பெஞ்சுக்கு ஏற்றிவிட்டேன். ஆனால் பாதி எடை என்று சொல்ல முடியாது. பாதிக்குச் சற்று மேல். கணக்குப்படி வேகம் இரட்டித்தால் எடை சரிபாதி ஆகவேண்டுமே என்று கேட்டேன். பட்டறை மேஸ்திரி பதில் சொல்லவில்லை. இரண்டின் மூடிகளையும் கழற்றிக் காட்டினார்.

3,000 சுற்று இயந்திரத்தின் ஸ்டாம்பிங் கட்டு, அதாவது இரும்புத் தகடுகளின் அடுக்கு, குட்டையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் இரு பக்கமும் காயில் முனைகள் ஜடை பின்னியதுபோல் தடியாக வெளியே பிதுங்கியிருந்தன. காயில் பதியும் பள்ளங்களான ஸ்லாட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு வளையமும் மற்றதைவிடத் தடிமன். காரணம், போல்களின், அதாவது காந்த முனைகளின், எண்ணிக்கை. 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் வேகம் என்பது 6,000-ஐப் போல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது: 4 போல் என்றால் 1,500, 2 போல் என்றால் 3,000. இரண்டே போல் உள்ள இயந்திரத்தில் ஒவ்வொரு காயிலும் ஏறக்குறைய அரைவட்டத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். அந்தப் பயணத்தில் மின்னழுத்தம் எதுவும் பிறப்பதில்லை, செம்பு மட்டும் செலவாகிறது. காந்தப்பாயமும் நான்காகப் பிரியாமல் இரண்டாகப் பிரிவதால், திரும்பிப் போகும் பாதைக்கு இரும்பு தடிமனாக வேண்டும். வேகம் கொடுத்த லாபத்தில் ஒரு பங்கை இவை இரண்டும் தின்றுவிடுகின்றன.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். 50 ஹெர்ட்ஸை நேரடியாகத் தரவேண்டிய ஜெனரேட்டருக்கு 3,000 சுற்றுதான் கூரை. 2 போலுக்குக் கீழே போக வழியில்லை. சர்க்கரை ஆலைகளில் நீராவி டர்பைன் 5,000 சுற்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்க, நடுவே கியர்பாக்ஸ் வைத்து 1,500 சுற்றுக்கு இறக்கி ஆல்டர்னேட்டரை ஓட்டுவது இதனால்தான். அந்தக் கூரையை உடைத்தவை இப்போது கடைகளில் வரும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள். அவற்றில் பல போல்கள் இருக்கும், எஞ்சின் எந்த வேகத்திலும் ஓடும், வருகிற மின்சாரத்தை முதலில் டி.சி. ஆக்கி, பிறகு மின்னணுச் சுற்று 50 ஹெர்ட்ஸாகச் செதுக்கிக் கொடுக்கும். 2 கே.வி.ஏ. செட் ஒன்று எஞ்சினோடு சேர்த்தே 21 கிலோ அளவில் கையில் தூக்கிப்போகும்படி இருப்பதற்கு அது ஒரு காரணம். விமானங்களில் 400 ஹெர்ட்ஸ் வைத்திருப்பதும் இதே நோக்கத்தில்தான். அங்கே 2 போல் இயந்திரம் 24,000 சுற்று வரை போகலாம். ஜெனரேட்டர் மட்டுமல்ல, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் இளைத்துவிடும்.

இனி பெரிய இயந்திரங்களுக்கு வருகிறேன். இந்த விஷயத்தின் ருசியே அங்கேதான்.

வல்லூர் அனல்மின் நிலையத்தில் உள்ளது போன்ற 500 மெகாவாட் டர்போ ஜெனரேட்டர், அதாவது நீராவி டர்பைன் சுற்றும் ஜெனரேட்டர், 3,000 சுற்றில் ஓடுகிறது. இந்த ரகத்தில் ஸ்டேட்டர் 250 டன் அளவில், ரோட்டர் 70 டன் அளவில். இரண்டும் சேர்ந்து 320 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேசில்-பராகுவே எல்லையில் பரானா நதியில் உள்ள இடாய்ப்பு அணையின் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றும் 700 மெகாவாட். பராகுவேக்கான 50 ஹெர்ட்ஸ் இயந்திரங்களுக்கு 66 போல்கள். வேகம் நிமிடத்துக்கு 91 சுற்றுக்கும் குறைவு. எடை 3,300 டன் அளவில். அதில் ரோட்டர் மட்டுமே 1,900 டன்னைத் தாண்டும்.

வேகம் 33 மடங்கு குறைந்திருக்கிறது. மெகாவாட்டுக்கு இவ்வளவு டன் என்று கணக்கிட்டால் எடை 33 மடங்கு கூடியிருக்க வேண்டும். கூடியிருப்பது 7 மடங்குதான். ஏன்?

முதல் காரணம், மெதுவாகச் சுற்றுகிற இயந்திரத்தை விரிக்கலாம். இடாய்ப்பு ரோட்டரின் விட்டம் சுமார் 16 மீட்டர். அதன் போல்கள் விளிம்பில் மட்டுமே இருக்கின்றன. நடுவே பெரும்பாலும் ஆரக்கால்களும் வெற்றிடமும். மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி. வேலை நடப்பது விளிம்பில்தான் என்பதால் உள்ளே இரும்பை நிரப்பத் தேவையில்லை. பிடி அச்சிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருப்பதால் ஒவ்வொரு உள்ளங்கைப் பரப்பும் தரும் முறுக்குவிசை பெரிது.

இரண்டாவது காரணம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: வேகமாகச் சுற்றும் இயந்திரத்தை விரிக்க முடியாது. 500 மெகாவாட் டர்போ ரோட்டரின் விட்டம் 1.15 மீட்டர் போல. 3,000 சுற்றில் அதன் மேற்பரப்பு வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அங்கே ஒரு பொருளை வெளியே வீசும் மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல 5,700 மடங்குக்கு மேல். அதாவது ஸ்லாட்டில் கிடக்கும் ஒவ்வொரு கிலோ செம்பும் ஏறத்தாழ ஆறு டன் எடையாக, ஸ்லாட்டின் வாயை அடைக்கும் ஆப்பின் மேல் அழுத்துகிறது. காயில் முனைகளை அடக்கிவைக்க இரு பக்கமும் காந்தமேறாத உயர்தர எஃகு வளையங்களைச் சூடாக்கி, விரியவைத்து, மாட்டி, குளிரவிட்டு இறுக்குகிறார்கள். ரோட்டர் முழுவதும் ஒரே எஃகு வார்ப்பை அடித்து உருவாக்கிய தண்டு. விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் அழுத்தம் வர்க்கத்தில் ஏறும். அதனால் இந்த இயந்திரம் அகலத்தில் வளராமல் நீளத்தில் வளர்கிறது. அந்தச் சின்ன உடம்பில் பிறக்கும் வெப்பம் வெளியேறவும் இடம் போதாது. அதற்காகத்தான் உள்ளே ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி, ஸ்டேட்டர் செம்புக் கம்பிகளுக்குள்ளேயே தண்ணீர் ஓட விடுகிறார்கள். வேகம் எடையைக் குறைத்துக் கொடுக்கும், ஆனால் வெப்பத்தை அதே விகிதத்தில் குறைத்துக் கொடுக்காது. எடைக் கணக்கு சொல்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

வேகம் என்பது ஜெனரேட்டர் தானாகத் தேர்ந்தெடுத்துக்கொள்வதும் அல்ல. அதைச் சுற்றுவது எதுவோ அது முடிவு செய்கிறது. நீராவி வேகமானது. மலையிலிருந்து விழும் நீரும் வேகமானது. சமவெளி ஆற்று நீர் மெதுவானது. மேட்டூருக்குக் கீழே காவிரியின் கதவணைகளில் வெறும் 15 மெகாவாட்டுக்கு அவ்வளவு பெரிய இயந்திரங்களை வைத்திருப்பது அதனால்தான். காற்று இன்னும் சங்கடமானது. இறக்கையின் நுனி வேகம் காற்றின் வேகத்தைப் போல ஐந்தாறு மடங்கு இருந்தால்தான் இறக்கை நன்றாக வேலை செய்யும். நுனி வேகம் அப்படியே நிற்க, இறக்கையின் நீளத்தை இரட்டித்தால் சுற்று பாதியாகிவிடும். திறனோ நான்கு மடங்காகும். முறுக்குவிசை எட்டு மடங்கு! காற்றாலை வளர வளர மின்சாரத்தைவிட முறுக்குவிசை வேகமாக வளர்கிறது என்பதுதான் அந்தத் தொழிலின் தலைவலி.

நாகர்கோவிலுக்குப் போகிற வழியில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் இரண்டு வகைக் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வகைக்குத் தலை நீளப் பெட்டிபோல் இருக்கும். இன்னொன்றுக்கு முட்டைபோல் உருண்டு பருத்திருக்கும். பெட்டிக்குள் கியர்பாக்ஸ் இருக்கிறது. இறக்கையின் 20, 30 சுற்றை 1,000 அல்லது 1,500 சுற்றாக ஏற்றி, தொழிற்சாலை மோட்டார் அளவுள்ள ஜெனரேட்டரை ஓட்டுகிறது. முட்டைக்குள் கியர்பாக்ஸே கிடையாது. இறக்கையோடு நேராகப் பூட்டிய பெரிய வளைய ஜெனரேட்டர், இறக்கை சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றுகிறது. ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் பிரபலமாக்கிய அமைப்பு இது. அதன் 800 கிலோவாட் இ-48 ரகத்தில் உச்ச வேகம் 31 சுற்று அளவில். 31 சுற்றில் 800 கிலோவாட் என்றால் முறுக்குவிசை 2,46,000 நியூட்டன்-மீட்டர். 1,500 சுற்றில் வெறும் 5,100. முட்டை ஏன் பருத்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். அதே நிறுவனத்தின் 7.5 மெகாவாட் இ-126 ரகம் 12 சுற்றுக்குள்தான் ஓடுகிறது. அதன் ஜெனரேட்டர் மட்டுமே 200 டன்னுக்கு மேல்.

"அப்படியென்றால் கியர்பாக்ஸும் அந்த முறுக்குவிசையைத் தாங்கவேண்டுமே, அது எடை இல்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாங்கத்தான் வேண்டும். ஆனால் எஃகுப் பல்லும் எஃகுப் பல்லும் ஒன்றையொன்று தள்ளும்போது, தொடுகிற இடத்தில் தாங்கும் அழுத்தம் காற்று இடைவெளியில் காந்தம் தரும் பிடியைவிடப் பல ஆயிரம் மடங்கு. அதனால் அதே முறுக்குவிசையைக் கியர் மிகக் குறைந்த இரும்பில் கையாண்டுவிடும். அதற்கு விலையாக எண்ணெய், தேய்மானம், இரைச்சல், நூறடி உயரத்துக்கு மேல் கிரேன் வைத்துப் பழுதுபார்க்கும் செலவு. எதை விரும்புவது என்பது கணக்கும் குணமும் கலந்த விஷயம். பராமரிப்பு ஆள் எளிதில் போக முடியாத இடம் என்றால் என் ஓட்டு முட்டைக்கே.

எதிர்முனைக்கு ஓர் உதாரணம். ஃபார்முலா 1 பந்தயக் கார்களில் 2014 முதல் 2025 வரை, பிரேக் பிடிக்கும்போது ஆற்றலை மீட்க எம்.ஜி.யு.-கே. என்ற மோட்டார்-ஜெனரேட்டர் இருந்தது. விதிப்படி உச்சத் திறன் 120 கிலோவாட், உச்ச வேகம் 50,000 சுற்று, எடை 7 கிலோவுக்குக் குறையக்கூடாது. உச்ச வேகத்தில் அதன் முறுக்குவிசையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 23 நியூட்டன்-மீட்டர். உங்கள் மாடி ஜெனரேட்டரின் முறுக்குவிசையும் 24 தானே! ஒன்று 120 கிலோவாட், மற்றது 1 கிலோவாட். ஆனால் இரண்டும் பிடித்திருக்கும் அரிசிப் பை ஒன்றே. 30 கிலோவுக்கும் 7 கிலோவுக்கும் இடையே மிச்சமிருக்கிற வித்தியாசம் விலையுயர்ந்த காந்தம், மயிரிழைத் தகடுகள், திரவக் குளிர்ச்சி, முழுச்சுமை தொடர்ந்து இல்லாமல் விட்டுவிட்டே வரும் என்ற சலுகை ஆகியவற்றால் வருகிறது. தகடு மெலிய வேண்டியிருப்பதற்கும் காரணம் வேகமே. அதிர்வெண் கூடக்கூட இரும்புக்குள் சுழல் மின்னோட்ட இழப்பு வர்க்கத்தில் ஏறும். 50 ஹெர்ட்ஸுக்குப் போதுமான அரை மில்லிமீட்டர் தகடு அங்கே அடுப்பாகிவிடும்.

இனி மாடிக்குத் திரும்புவோம். காற்றின் வேகம் வினாடிக்கு 11 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 கிலோவாட்டுக்கு இறக்கை விட்டம் இரண்டரை மீட்டர் வேண்டும். அது சுற்றுவது 400 அளவில். கார் ஆல்டர்னேட்டரை நேராகப் பூட்டினால் அது விழித்துக்கொள்ளவே மாட்டாது. ஆயிரம் சுற்றாவது கிடைத்தால்தான் பேட்டரிக்கு மேல் மின்னழுத்தம் ஏறும். பெல்ட் போட்டு வேகத்தை ஏற்றலாம், பலர் முயன்றிருக்கிறார்கள். ஆனால் அந்த 6 கிலோ இயந்திரம் ஷாஃப்ட்டில் வாங்குவதில் ஐந்தில் இரண்டு பங்கை வெப்பமாக ஊதிவிடும் ரகம். பெட்ரோலில் ஓடும் எஞ்சினுக்கு அது பொருட்டில்லை. எடையைக் குறைப்பதற்காகத் தெரிந்தே செய்த சமரசம் அது. மேலும் அதன் ரோட்டர் காயிலுக்கு 3, 4 ஆம்பியர் ஊட்டினால்தான் காந்தமே வரும். தென்றல் வீசுகிற நாட்களில் காற்றாலை தரும் 40 வாட்டை ரோட்டரே குடித்துவிடும். நிரந்தரக் காந்தம் பொருத்திய 30 கிலோ இயந்திரத்தில் அந்தச் செலவு இல்லை.

ஆகவே அதையே வாங்குங்கள், ஆனால் பெயர்த்தகட்டை நம்பி வாங்காதீர்கள். முதலில் மூன்று வயர்களையும் தனித்தனியே விட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். வழுக்கிச் சுற்ற வேண்டும். பிறகு மூன்றையும் ஒன்றாக முறுக்கிச் சுற்றுங்கள். மாவுக்குள் கரண்டி போட்டதுபோல் கனக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். தெரிந்தால், 2 குதிரைத்திறன் மோட்டார் உள்ள லேத் பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சக்கில் பிடித்து 400 சுற்றில் ஓட்டச் சொல்லுங்கள். 48 வோல்ட் இயந்திரம் என்றால், மின்சாரத்தை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையருக்குப் பின் 24 வோல்ட், 70 வாட் லாரி ஹெட்லைட் பல்புகளை இரண்டிரண்டாகத் தொடரில் கட்டி ஏழு ஜோடி மாட்டுங்கள். பதினான்கும் வெள்ளையாக எரிந்து, அரை மணி நேரம் கழித்தும் உடம்பின் மேல் கை வைக்க முடிந்தால் காசைக் கொடுங்கள்.